தலைதீபாவளி ஆம்ப்ளிபயர்

செப்டம்பர் 15, ஞாயிறு

வாணியும் மாப்பிள்ளையும் விருந்துக்கு வந்தார்கள். அம்மா விடிந்ததிலிருந்து அடுப்படியை விட்டு நகரவில்லை. என் தங்கை இந்த வீட்டில் இருந்த காலமெல்லாம் அவளுக்காக ஒரு நாளும் இப்படி இலை நிறைந்ததில்லை. மாப்பிள்ளை என்று ஒருவர் கூட வந்ததும் சமையலறைக்கே புதுப் பலம் வந்துவிட்டது.

சாப்பிட்டதும் மாப்பிள்ளை சிபி என் அறைக்கு வந்தார். மூலையில் நின்ற கிடாரைப் பார்த்து, "மச்சான், எடுத்துப் பார்க்கலாமுங்களா?" என்று கேட்டுத்தான் எடுத்தார். கேட்டதுதான் எனக்கு எரிச்சல். கேட்காமல் எடுத்திருந்தால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ள ஒரு காரணமாவது கிடைத்திருக்கும்.

திருப்பூரில் சாயப்பட்டறை ஆய்வகத்தில் வேலை பார்க்கிறவருக்கு கிடாரில் ஹெவி மெட்டல் இசை வாசிக்கத் தெரியும் என்று பெண் பார்க்க வந்தபோது யாரும் சொல்லவில்லை. அந்த வேகத்துக்கு நான் வாசித்தால் தோள் காதைத் தொடும், பல்லைக் கடித்துக்கொள்வேன். இவருக்கு மணிக்கட்டு மட்டும் அசைகிறது. மோர் குடிப்பவர் முகம் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு வாசிக்கிறார்.

அப்பா வாசற்படியில் நின்று முழுவதும் கேட்டார். "நம்ம மாப்ளைக்கு இதுவும் வருது பாரு" என்று அம்மாவைக் கூப்பிட்டுச் சொன்னார். சிங்காநல்லூரில் கிரைண்டர் கடை வைத்திருக்கும் என் அப்பா, நான் காலேஜில் கிடாரைத் தொட்ட நாள் முதல் என் வாசிப்பைப் பற்றிச் சொன்ன ஒரே கருத்து, "என்னடா, கிரைண்டர்ல கல்லு சிக்கிருச்சா?" என்பதுதான்.

அவர் ஒரு நாள், ஒரே ஒரு நாள், உட்கார்ந்து நான் வாசிப்பதைக் கேட்க வேண்டும். இதை யாரிடமும் சொன்னதில்லை. இங்கே எழுதுவதோடு சரி.

செப்டம்பர் 22, ஞாயிறு

உக்கடத்தில் பெரோஸ் வீட்டுப் பழைய இரும்புக் குடோனில் பிராக்டிஸ். நாங்கள் மூன்று பேர்: பெரோஸ் டிரம்ஸ், அருள்தாஸ் பாஸ் கிடாரும் பாட்டும், நான் கிடார். பேண்டுக்குக் 'கொல்லுலை' என்று பெயர் வைத்ததும் நான்தான்.

பேச்சுவாக்கில் மாப்பிள்ளை வாசித்ததைச் சொல்லித் தொலைத்தேன். நான் சொன்னது குறை சொல்வதற்காக. பெரோஸ் குச்சியைக் கீழே வைத்துவிட்டான்.

"ரெண்டாவது கிடாருக்கு நாம ஊரெல்லாம் தேடறோம் பங்கு, ஆளு உன்ற வீட்டுக்குள்ளயே இருக்குதா? கூட்டிட்டு வா."

என் வாயால் நானே கெட்டேன்.

செப்டம்பர் 29, ஞாயிறு

வந்தார். வாசித்தார். எல்லோருக்கும் பிடித்துவிட்டது. 'மச்சான்' இல்லாமல் அவருக்கு ஒரு வாக்கியம்கூட முடிவதில்லை. "மச்சான், இந்த எடம் நீங்க எப்படி வாசிக்கறீங்க? மச்சான், நீங்க சொன்னா சரிங்க மச்சான்." அருள்தாஸே சிரிக்கிறான்.

அக்டோபர் 11, வெள்ளி

ஆயுத பூஜை. அம்மா கிடாருக்கும் அதன் ஆம்ப்ளிபயருக்கும் சந்தனம் குங்குமம் வைத்தாள். கரைத்த சந்தனத்தை இத்தனை தாராளமாக யாரும் பூசமாட்டார்கள். பொரி தின்றுவிட்டு ஆம்ப்பைப் போட்டேன். ஒரு உறுமல், ஒரு புகை வாசம், அவ்வளவுதான். காலேஜ் காலத்திலிருந்து என்னோடு இருந்த ஆம்ப். அதில் கெய்ன் குமிழ் கடைசி எண்ணிலேயே துருப்பிடித்து நின்றுபோனது. சத்தத்தைக் கடித்துக் குதறுவது அந்தக் குமிழ்தான். அதைக் குறைத்து வைப்பவன் மெட்டல் வாசிக்க வேண்டியதில்லை, பஜனைக்குப் போகலாம் என்பது என் கட்சி.

அம்மாவிடம் சந்தனத்தைப் பற்றி வாய் திறக்கவில்லை. வாணி மாலையில் போன் செய்தபோது மட்டும் புலம்பினேன்.

அக்டோபர் 14, திங்கள்

கோபத்தில் எழுதுகிறேன்.

தலைதீபாவளிக்கு என்ன செய்வது என்று அப்பா மாப்பிள்ளையைக் கேட்டிருக்கிறார். மோதிரமா, செயினா என்று. அவர் கேட்டது ஆம்ப்ளிபயர்.

"மோதரம் வேண்டாமாம்" என்றார் அப்பா, சாப்பிட்டுக்கொண்டே. "கிடாருக்கு ஆம்ப்ளிபயரு வேணுமாம். மச்சானே பார்த்து எடுத்துக் குடுக்கட்டும்னு சொல்றாரு. நீதான் அந்தக் கருமத்தையெல்லாம் அறிஞ்சவனாச்சே. நல்லதாப் பார்த்து எடு. சீர்ல ஒரு கொறை வந்தரக் கூடாது."

"எவ்வளவுக்குள்ளங்ப்பா?"

"அதையெல்லாம் நீ ஏன் கேக்கறே? மாப்ளைக்கு வாங்கறது."

காலேஜ் முடித்த வருடம் புதிதாக ஒரு ஆம்ப் வேண்டும் என்று இதே மேஜையில் கேட்டேன். "கடையில ஒரு கிரைண்டர ஓட்டிட்டு முன்னால நின்னுக்க, ரெண்டும் ஒண்ணுதான்" என்றார். அப்புறம் பம்ப் கம்பெனியில் டெஸ்டிங் வேலைக்குச் சேர்ந்து, வீட்டுக் கடனில் பாதி என் தலையில் விழுந்து, ஆம்ப் ஆசை அப்படியே நின்றுபோனது. இப்போது என் ஆம்ப் செத்த மூன்றாம் நாள் என் அப்பா ஆம்ப் வாங்குகிறார். வேறு ஒருவருக்கு. தேர்ந்தெடுக்கும் வேலை எனக்கு.

பொறாமைதான். வேறு எப்படிச் சொல்வது?

அக்டோபர் 19, சனி

கிராஸ்கட் ரோட்டு இசைக்கருவிக் கடைக்கு நான், மாப்பிள்ளை, அப்பா.

மெட்டலுக்கு ஆகிற ஆம்ப் கடையில் இரண்டுதான் இருந்தது. ஒன்று சிவப்பு. பழைய ரேடியோ மாதிரி வால்வு வைத்தது, பார்க்க ஒரு தகரப் பெட்டி. இரண்டு வருடமாக அந்த ரோட்டில் போகும்போதெல்லாம் கண்ணாடிக்கு வெளியே நின்று நான் பார்த்துவிட்டு வரும் பெட்டி. தனியாக வாசித்தால் கொஞ்சம் மூக்கால் பேசுவது போலத்தான் இருக்கும். டிரம்ஸும் பாஸும் சேர்ந்தால்தான் அதன் குணம் தெரியும். எத்தனை சத்தத்துக்கு நடுவிலும் தனக்கென்று ஒரு வழி பிடித்து வெளியே வந்துவிடும்.

இன்னொன்று கறுப்புப் பெட்டி, முகப்பில் நீல விளக்கு. தனியாக வாசித்தால் கடைக் கண்ணாடி அதிரும். அடியில் இடி, மேலே தீப்பொறி. ஆனால் அடிச்சத்தமான பாஸுக்கும் மேல்சத்தமான ட்ரெபிளுக்கும் நடுவே இருக்க வேண்டிய சதை, மிட் என்பார்களே, அதை ஒட்ட வழித்தெடுத்துவிட்டுத்தான் அந்தப் பிரமாதம். பேண்டோடு சேர்ந்தால் அடிச்சத்தத்தை அருளின் பாஸ் விழுங்கிவிடும், மேல்சத்தத்தைப் பெரோஸின் தாளத்தட்டு விழுங்கிவிடும், கிடார் எங்கே என்று தேட வேண்டும். போன வருடம் பொள்ளாச்சியில் இதே மாதிரி ஒன்றை இரவல் வாங்கி வாசித்து நான் பட்டது போதும்.

மாப்பிள்ளை கிடாரை என் கையில் கொடுத்துவிட்டார். "நீங்களே ரெண்டுலயும் வாசிச்சுப் பாருங்க மச்சான். உங்க கைக்கு எது வாகா இருக்குதுன்னு பாருங்க."

என் கைக்கு! வாசிக்கத் தெரிந்தவர், வாசித்துக் காட்டச் சொல்லி என்னைப் பரீட்சை பார்க்கிறார். ஸ்டூலில் கைகட்டி உட்கார்ந்து கேட்டார்.

"எதுங்க மச்சான்?"

"நீலந்தானுங்க மாப்பிள்ளை. மெட்டலுக்குன்னே செஞ்சது."

"அந்தச் செகப்பு?"

"அது பழைய மாடலுங்க."

அவர் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "உங்களுக்கு நெசமா இதுதான் புடிச்சிருக்குதுங்களா?" என்றார். ஆமாம் என்றேன். அப்பா விலையைக் கேட்டு மறுபேச்சுப் பேசவில்லை. மாப்பிள்ளையின் தோளைத் தட்டினார். என் தோளும் பக்கத்தில்தான் இருந்தது.

அக்டோபர் 20, ஞாயிறு

நான் பொய் சொல்லவில்லை. நீலம் எடுப்பாக இருக்கிறது. சீர் என்றால் எடுப்பாகத்தானே இருக்க வேண்டும்? கடைக்காரரும் அதுதான் நிறைய போகிறது என்றார்.

அக்டோபர் 21, திங்கள்

வாணி போன் செய்தாள்.

"அண்ணா, எது எடுத்தே?"

"நீலம்."

"செகப்பு என்னாச்சு? ரெண்டு வருசமா சோத்துல கை வச்சா அந்தச் செகப்புப் பெட்டி கதைதானே பேசுவே?"

"மாப்பிள்ளைக்கு இதுதான் நல்லா இருக்கும்."

"உனக்குப் புடிச்சுத்தானே எடுத்தே?" என்று இரண்டு தடவை கேட்டாள். எனக்குப் பிடித்தால் இவளுக்கு என்ன, பிடிக்காவிட்டால் இவளுக்கு என்ன? கல்யாணமாகிப் போனதும் பேச்சே புரியாமல் போய்விட்டது.

அக்டோபர் 31, வியாழன்

தீபாவளி. எண்ணெய்க் குளியல் முடிந்து, மனையில் மாப்பிள்ளையும் வாணியும். தாம்பாளத்தில் துணிமணி, பக்கத்தில் பொட்டு வைத்து மல்லிகை சுற்றிய ஆம்ப்ளிபயர். பக்கத்து வீட்டு அக்கா வந்து, "புது மாடல் பிரிட்ஜுங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

மாப்பிள்ளை என் கிடாரை அதில் சொருகி என்னிடமே நீட்டினார். "மொதல்ல நீங்க வாசிங்க மச்சான்."

பிச்சை போடுகிறார் என்று நினைத்தேன். மறுக்கவும் முடியவில்லை, எல்லோரும் பார்க்கிறார்கள். கெய்னை முழுக்க வைத்து ஒரே இழுப்பு. வெளியில் சரம் வெடித்த பயல்கள் நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார்கள். அலமாரியில் எவர்சில்வர் டம்ளர்கள் கிடுகிடுத்தன. அப்பா காதைப் பொத்திக்கொண்டு, வாசித்த என்னைப் பார்க்காமல் மாப்பிள்ளையைப் பார்த்துக் கேட்டார்: "நல்லாருக்குங்களா மாப்ள?"

"மச்சான் எடுத்ததுங்க மாமா. நல்லா இல்லாமப் போகுமுங்களா?"

கிடாரைச் சுவரோரம் சாய்த்து வைத்தேன்.

மாலையில் கிளம்பும்போது ஆம்ப்பை ஏற்றவில்லை. கார் பலகாரத்திலேயே நிறைந்துவிட்டது, குடோனில் இருக்கட்டும் என்றார். சீர் வாங்குவது அவர், சுமப்பது நான்.

நவம்பர் 3, ஞாயிறு

நீல ஆம்ப்பைக் குடோனுக்குத் தூக்கிப்போய் மாப்பிள்ளை நிற்கிற பக்கம் வைத்தேன். பெரோஸும் அருளும் சேர்ந்து முழங்கும்போது அதன் கதி என்ன ஆகிறது என்று பார்க்க, உண்மையைச் சொன்னால், ஆசையாக இருந்தது. எனக்கு என்று அருளிடம் ஒரு ஓட்டை ஆம்ப்பைக் கேட்டு வாங்கி வைத்திருந்தேன்.

மாப்பிள்ளை வந்தார். கையில் எண்ணெய் டின் அளவுக்கு ஒரு பழைய ஆம்ப். அதில் தன் கிடாரைச் சொருகினார்.

"உங்களுது இங்க இருக்குதுங்க" என்றேன்.

"அது உங்களுதுங்க மச்சான்."

எனக்கு விளங்கவில்லை. அவர் வெட்கப்பட்டுச் சிரித்தார். "ஆயுத பூஜையன்னிக்கு உங்க ஆம்ப் போயிருச்சுன்னு வாணி சொன்னா. மாமாகிட்ட நீங்க கேக்க மாட்டீங்களாம், கேட்டாலும் நடக்காதாம். மாப்ளை கேட்டா இல்லைன்னு சொல்ல முடியாதில்லீங்க? அதான் மோதரத்த ஆம்ப்பா மாத்திட்டேன். உங்களையே எடுக்கச் சொன்னா உங்களுக்குப் புடிச்சதத்தானே எடுப்பீங்க? எனக்கு இது போதுமுங்க மச்சான்."

பெரோஸ் விசில் அடித்தான். "பங்கு, இப்படி ஒரு மாப்ள எங்க கெடைப்பாரு?"

நன்றி வர வேண்டிய இடத்தில் எனக்கு வந்தது கோபம். வாசிப்பதில் முந்தியவர், கொடுப்பதிலும் முந்திக்கொண்டார். இனி அவரைத் திட்டக்கூட முடியாது.

நீல ஆம்ப்பில் வாசித்தேன். நடுப்பாட்டில் பெரோஸ் கையை நிறுத்தி, "பங்கு, அது ஆன்லதான் இருக்குதா?" என்று கேட்டான்.

நவம்பர் 6, புதன்

வேலை முடிந்து கடைக்குப் போனேன். சிவப்பு இன்னும் இருக்கிறது. பிரித்த பொருளை மாற்ற வழியில்லையாம். வழி இருந்தாலும் பில் அப்பா பேரில். மாற்ற வேண்டும் என்றால் ஏன் என்று கேட்பார்கள். அந்தச் சிவப்பை முதலிலேயே ஏன் எடுக்கவில்லை என்று கேட்பார்கள்.

நவம்பர் 10, ஞாயிறு

மிட் குமிழை ஏற்றிப் பார்த்தேன். ட்ரெபிளை இறக்கிப் பார்த்தேன். சத்தத்தைக் கூட்டினால் அருள் காதைப் பிடித்துக்கொண்டு அடங்கு என்கிறான். அவன் காது வலிக்கிறது, ஆனால் நான் என்ன வாசிக்கிறேன் என்று அவனுக்குத் தெரியவில்லை.

மாப்பிள்ளையின் எண்ணெய் டின் மட்டும் ஒவ்வொரு எழுத்தாக வாசிக்கிறது.

அடுத்த ஞாயிறு சரவணம்பட்டியில் நிகழ்ச்சி. அப்பா வருகிறாராம். மாப்பிள்ளை அழைத்திருக்கிறார். நான் எத்தனையோ தடவை அழைத்திருக்கிறேன்.

நவம்பர் 17, ஞாயிறு

மினி ஹால். காலையில் யாரோ வீட்டுக் குழந்தைகளுக்குக் காது குத்தியிருக்கிறார்கள். 'காதணி விழா' பேனரை அவிழ்க்க ஆளில்லை. அதன் கீழேயே நின்று வாசித்தோம். கறுப்புச் சட்டைப் பிள்ளைகள் ஒரு கும்பல். முன்வரிசையில் வெள்ளை வேட்டி சட்டையில் அப்பா ஒருவர்தான். பக்கத்தில் வாணி.

மைக் குரலுக்கும் டிரம்ஸுக்கும் மட்டும். கிடார் இரண்டும் தன் ஆம்ப் கொடுக்கும் சத்தத்தில்தான் பிழைக்க வேண்டும்.

ஏறுவதற்கு முன் மாப்பிள்ளை காதருகே வந்தார். "மச்சான், இன்னைக்கு மட்டும் நீங்க என்ற ஆம்ப்புல வாசிங்க. நான் அதுல சமாளிச்சுக்கறேன்."

ஊர் முன்னால் அவர் ஆம்ப்பில் வாசிப்பதா? முடியாது என்றேன். "கெய்னையாச்சும் கொஞ்சம் எறக்கிக்கங்க மச்சான்" என்றார். அது பஜனைக்காரர்களுக்கு என்று சொல்ல வாய் வந்தது, சொல்லவில்லை. இறக்கவும் இல்லை.

வாசித்தேன். என் வாழ்நாளில் இவ்வளவு நன்றாக நான் வாசித்ததில்லை என்று நினைக்கிறேன். விரல் ஒன்றும் பிசகவில்லை. பிள்ளைகள் தலையை ஆட்டினார்கள். நான் அப்பாவை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் எழுந்து போகவில்லை, காதைப் பொத்தவில்லை. என் கையையே பார்த்தபடி, காதைக் கொஞ்சம் முன்னால் கொடுத்து உட்கார்ந்திருந்தார்.

முடிந்ததும் இறங்கி அவரிடம் ஓடினேன். ஓடினேன் என்றே எழுதுகிறேன்.

"மாப்ள வாசிச்சது கணீர்னு கேட்டுச்சு" என்றார். "நீ என்னடா, கைய மட்டும் ஆட்டிட்டு நிக்கறே? நானும் காதக் காதக் குடுத்துப் பார்த்தேன். ஒண்ணும் உழுகலையேடா."

கேலி இல்லை அதில். கேலியாக இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். தேடியிருக்கிறார், கிடைக்கவில்லை.

நவம்பர் 18, திங்கள்

வேலைக்குப் போகவில்லை. தலைவலி என்று சொல்லிவிட்டேன்.

நவம்பர் 20, புதன்

மாப்பிள்ளை போன். குரலில் அப்படி ஒரு கொதிப்பை நான் கேட்டதில்லை.

"மச்சான், மூணு நாளா எனக்கு மனசே ஆறலைங்க. மாமா முன்னாடி உங்களுக்கு இப்படி ஆயிருச்சே! அந்த ஆம்ப்புல உள்ள ஏதோ கோளாறுங்க. கடைக்காரன் நம்ம தலையில கட்டிட்டான். நாளைக்கு லீவு போட்டிருக்கறேன். மாமாவையும் கூட்டிட்டுப் போயி கடையில நாலு கேள்வி கேட்டு, அந்தச் செகப்ப வாங்காம வரமாட்டேனுங்க."

கடைக்காரர் நல்ல மனிதர். கண்ணாடிக்கு வெளியே நிற்கும் என்னை உள்ளே கூப்பிட்டு, வாங்கமாட்டேன் என்று தெரிந்தே வாசிக்கவிட்டவர். அவர் முன்னால் அப்பா நின்று கத்துவதை நினைத்தேன். சரி போங்கள் என்று சொல்லிவிடலாம், சிவப்பும் கிடைக்கும். அந்த வார்த்தை நாக்கு நுனி வரை வந்தது.

"போகாதீங்க மாப்பிள்ளை. கடைக்காரர் மேல தப்பில்லைங்க. அந்த ஆம்ப் அப்படித்தான். எனக்குத் தெரியும்."

"எப்பத் தெரியுமுங்க மச்சான்?"

"எடுக்கறப்பவே."

குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"எனக்குன்னு நெனச்சதாலதான் அத எடுத்தீங்களா?"

"ஆமாங்க."

"செரிங்க" என்று வைத்துவிட்டார்.

நவம்பர் 22, வெள்ளி

வாணியிடமிருந்து போன் இல்லை. அம்மா, "தங்கச்சிகூடச் சண்டையா கண்ணு?" என்றாள். இல்லை என்றேன்.

நவம்பர் 24, ஞாயிறு

வரமாட்டார் என்று நினைத்தேன். வராவிட்டால் பேண்ட் பழையபடி என் கைக்கு வந்துவிடும் என்று ஒரு மூலையில் கணக்கும் போட்டேன். வெட்கமாக இருக்கிறது, ஆனால் போட்டேன்.

வந்தார். பெரோஸிடம் பேசினார். அருளிடம் பேசினார். எண்ணெய் டின்னை என் பக்கம் கொண்டுவந்து வைத்தார். பிறகு நீல ஆம்ப்பைத் தன் பக்கம் இழுத்தார்.

"அது..." என்றேன்.

"இது என்ற சீருங்க. எனக்குன்னு எடுத்தது. நானே வச்சுக்கறேன்."

பெரோஸ் என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு குச்சியைத் துடைத்தான்.

மாப்பிள்ளை ஆம்ப்பை ஒரு பழைய இரும்புப் பெட்டிமேல் தூக்கி, காது உயரத்துக்கு வைத்தார். முகப்பில் இருந்த ஒரு பொத்தானை அமுக்கி அணைத்தார். அந்த அடி இடி காணாமல் போனது. மிட்டை ஏற்றினார். கெய்னைக் கடைசி எண்ணிலிருந்து இறக்கி, இறக்கி, நாலில் நிறுத்தினார். நாலு! தனியாக ஒரு தடவை தட்டிப் பார்த்தார். சப்பென்று இருந்தது. எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு வந்தது.

பெரோஸ் அடிக்க ஆரம்பித்தான். அருள் சேர்ந்தான். அந்த இரண்டு பேரின் நடுவிலிருந்து மாப்பிள்ளையின் கிடார் வாள் மாதிரி வந்தது. அதே நீல ஆம்ப். நான் குப்பை என்று தெரிந்து எடுத்த ஆம்ப். அருள் பாடுவதை நிறுத்திவிட்டு, "இவ்வளவு நாளும் இது எங்க இருந்துச்சு?" என்றான்.

குப்பை ஆம்ப் அல்ல. கெய்னை இறக்கச் சொன்னபோது நான் இறக்கவில்லை. அவ்வளவுதான் விஷயம். இதை எழுத எனக்கு எத்தனை கசக்கிறது என்று இந்த நோட்டுக்குத்தான் தெரியும்.

முடிந்ததும் நீல ஆம்ப்பைக் காரில் ஏற்றினார். நான் ஒரு கை பிடித்தேன். வேண்டாம் என்று சொல்லவில்லை.

"அப்ப இது?" என்று எண்ணெய் டின்னைக் காட்டினேன்.

"இருக்கட்டுமுங்க. உங்களுக்கு ஒண்ணு வேணுமில்லீங்க."

பெரோஸிடம் போய்வருகிறேன் என்றார், அருளிடமும் சொன்னார். என்னைப் பார்த்து, "வர்றனுங்க" என்றார். கார் போன பிறகுதான் என்ன குறைகிறது என்று உறைத்தது. காலையிலிருந்து ஒரு தடவைகூட என்னை மச்சான் என்று கூப்பிடவில்லை.

நவம்பர் 26, செவ்வாய்

மாலை வேலை விட்டு வந்து எண்ணெய் டின்னை என் அறையில் வைத்தேன். கெய்னை நாலுக்கு இறக்கினேன். யாரும் பார்க்கவில்லை என்றாலும் கூச்சமாக இருந்தது.

வாசிக்க ஆரம்பித்ததும் ஒன்று தெரிந்தது. கெய்ன் குறைந்தால் ஒளிந்துகொள்ள இடமில்லை. விரல் சரியாக அழுத்தாதது, ஒரு கம்பி தவறுவது, அவசரத்தில் ஒரு எழுத்தை முழுங்குவது, எல்லாம் வெட்டவெளிச்சம். இத்தனை வருடமும் நான் நன்றாக வாசிக்கிறேன் என்று நினைத்த பல இடங்களை அந்தக் கரகரப்பு மூடிவைத்திருந்தது. சரவணம்பட்டியில் விரல் ஒன்றும் பிசகவில்லை என்று எழுதியிருக்கிறேன். இப்போது அதை நம்ப முடியவில்லை.

அந்த வேகமான இடத்தை மறுபடி மறுபடி வாசித்துக்கொண்டிருந்தேன். அப்பா கடையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றிவிட்டு ஹாலில் உட்கார்ந்தார் போல. டிவி போடும் சத்தம் கேட்கவில்லை. நான் கவனிக்கவில்லை, வாசித்தேன்.

"டேய்" என்றார் அங்கிருந்தே.

கிரைண்டர், கல்லு என்று வரும் என்று காத்திருந்தேன்.

"அந்தக் கடைசி எடத்துல ஒண்ணு தப்பிருச்சேடா? மொத ரெண்டு தடவ சரியா வந்துச்சு. இப்ப தப்பிருச்சு."

தப்பியிருந்தது. அவர் சொன்ன அதே இடம்தான்.

"ஆமாங்ப்பா" என்றேன். "தப்பிருச்சு."

"இன்னொருக்கா அடி. கேட்டுட்டுத்தான் இருக்கறேன்."

அடித்தேன். அப்பா எழுந்து குளிக்கப் போகும்வரை அடித்தேன்.

இதை யாரிடமாவது சொல்லியாக வேண்டும் போல இருந்தது. பெரோஸுக்கு இதன் அருமை தெரியாது. அம்மாவிடம் சொன்னால் அழுவாள். இதன் அருமை தெரிந்த ஆள் ஊரில் ஒருவர்தான், அவரிடம் பேச எனக்கு முகமில்லை. போனை எடுத்து வைத்து, எடுத்து வைத்து, கடைசியில் கூப்பிட்டுவிட்டேன்.

"சொல்லுங்க" என்றார். அவ்வளவுதான்.

"மாப்பிள்ளை, நான் பண்ணுனது தப்புங்க. அத மொதல்லயே சொல்லியிருக்கணும். இப்ப சொல்றேன்." வைத்துவிடுவாரோ என்று அடுத்ததை அவசரமாகச் சொன்னேன். "உங்க ஆம்ப்புல கெய்ன நாலுல வச்சு வாசிச்சேனுங்க. அப்பா ஹால்ல உக்காந்து கேட்டாரு. ஒரு எடத்துல தப்பிருச்சுன்னு சொன்னாரு. நெசமாவே தப்பிருச்சுங்க."

வாணி பின்னால் யாருங்க என்று கேட்பது காதில் விழுந்தது. அவர் அவளுக்குப் பதில் சொல்லாமல் என்னைக் கேட்டார்:

"எந்த எடத்துலங்க மச்சான்?"

எந்த இடம் என்று சொன்னேன். வாயாலேயே வாசித்துக் காட்டினேன். அவர் கேட்டுவிட்டு, விரலை மாற்றிப் போட்டால் தப்பாது என்றார். அவர் சொன்னபடி போட்டேன், தப்பவில்லை.

எரிச்சலாகத்தான் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை எத்தனை மணிக்கு வருவார் என்று கேட்க மறந்துவிட்டேன்.